மாரியம்மன் பாட்டுக்கு அடியில் ஒரு கரடி

போன வாரம் கோயம்புத்தூரில் ஒரு கூரியர் கடைக்காரர் செலோடேப்பின் நுனியைத் தேடி நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கி, ஒரே தடவலில் நுனியை எடுத்து, பல்லால் கடித்துக் கொடுத்தேன். "எங்கீங்க வேலை பாத்தீங்க?" என்றார். "பாட்டு அழிக்கிற வேலைங்க" என்றேன். பாவம், முழித்தார்.

பொய்யில்லை. கோத்தகிரியில் ஒரு கேசட் பதிவுக் கடையில்தான் எனக்கு முதல் வேலை. தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம். கட்டபெட்டில் அப்பாவின் முக்கால் ஏக்கரில் கொழுந்து பறிக்க ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது, செடியெல்லாம் மரமாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு என் சம்பளம்தான் சோறு. வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. வாய்க்கொழுப்பும் உண்டு. இரண்டும் ஒரே உடம்பில் எப்படிக் குடித்தனம் நடத்தின என்று கேட்காதீர்கள்.

அப்போது புதுக் கேசட் வாங்க ஆளில்லை. பழசைக் கொண்டுவருவார்கள்; அதன்மேலேயே வேறு பாட்டைப் பதிந்து தருவோம். கம்பெனிக் கேசட்டின் முதுகில் இரண்டு ஓட்டை இருக்கும். அதைச் செலோடேப்பால் அடைத்தால்தான் மேலே பதியும். கடையில் இன்னொரு சட்டமும் உண்டு. கடைசியில் நாடா மிஞ்சினால் வெறுமனே விடக்கூடாது, எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள்.

அந்த நாளில் டிவியில் ஒரு பொம்மைப்படக் கரடி வாராவாரம் தமிழ் பேசியது. அதன் பாட்டுகள் கேசட்டாகவும் வந்தன. எங்கள் முதலாளி ஆசைப்பட்டு ஒரு பெட்டி நிறைய இறக்கிவிட்டார். ஒன்றுகூட விற்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள் கடைவாசலில் கூடிவிடும். லயம் என்கிற அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் டிவி கிடையாது. அந்தக் கரடியைக் காதால் மட்டுமே பார்த்தவர்கள். (நிஜக் கரடி வேறு விஷயம். அது தேயிலைக்குள் அடிக்கடி வரும்.) வாலைத் தொலைத்த கரடி ஊரெல்லாம் தேடும் பாட்டை அவர்களுக்காகத் திரும்பத் திரும்பப் போடுவேன். "ஏம்மா, அதக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது" என்பார் முதலாளி.

சித்திரையில் லயத்துக் கோயில் தலைவர் வந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். "தங்கச்சி, மூடிக் கெடக்கிற எஸ்டேட் பேக்டரி திறக்கணும்னு ஆத்தாளுக்குக் கரகம் எடுக்கிறோம். மாரியம்மன் பாட்டாப் பதிஞ்சு குடுங்க."

வெற்றுக் கேசட் இல்லை. "அந்தக் கரடி மேலயே அடிச்சு உடும்மா" என்றார் முதலாளி. அடித்தேன். அம்மன் பாட்டுகள் முடிந்தபோது, அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டான வால் பாட்டு மட்டும் தப்பியிருந்தது. அழிக்க மனசு வரவில்லை. நாடா நிரம்பித்தானே இருக்கிறது, சட்டப்படி சரி என்று எனக்கு நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

திருவிழாவுக்கு முதலாளியும் நானும் போயிருந்தோம். உச்சிவெயிலில் கற்பூரம் மணக்க, லயத்துக்காரர் பெருமாள் அண்ணன் தலையில் கரகத்தோடு அருள் வந்து ஆடுகிறார். அம்மன் பாட்டு முடிந்தது. யாராவது நிறுத்துவார்கள் என்று பார்த்தால், மைக்செட்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். மரத்தில் கட்டிய குழாயிலிருந்து கரடி, வாலைக் கேட்டு ஓலமிட்டது.

ஐயோ! முதலாளி என்னைப் பார்த்த பார்வையிலேயே வேலை போய்விட்டது. அதற்குள் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். தப்பு அடிப்பவர் ஒரு கணம் திகைத்துவிட்டு அந்தத் தாளத்தையே பிடித்துக்கொண்டார். பெருமாள் அண்ணன் கால் நிற்கவேயில்லை.

தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா, குத்தமாயிருச்சா?"

கரகம் குலுங்கியது. "எம்புள்ளைங்க சிரிச்சு எத்தன மாசமாச்சுடா? திருப்பிப் போடு!"

ஆத்தாளே சொன்ன பிறகு முதலாளி என்ன செய்வார்? கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வேலை தப்பியது. பேசியது ஆத்தாளா, மூன்று பிள்ளை பெற்ற பெருமாள் அண்ணனா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

பேக்டரி திறக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் வீடு வீடாகத் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். பெருமாள் அண்ணனும் தகரப்பெட்டியும் பிள்ளைகளுமாகக் கடைக்கு வந்தார். "கரடிப் பாட்டு ஒண்ணு குடு தங்கச்சி. புள்ளைங்க அங்க போயி ஏங்கிப் போயிரும்."

முதலாளி ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார்.

"போட்டுக் கேக்க டேப்பு இருக்குதுங்களாண்ணா?" என்றேன்.

"டேப்பு ஏது? கேசட்டு கையில இருந்தா அதுகளே பாடிக்கும்."

லயத்தில் இப்போது காட்டெருமைகள் படுத்துக் கிடக்கின்றன. பிள்ளைகள் இல்லையென்று பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். அன்றைக்குப் பாடிய குரல்களில் ஒன்றுகூட இன்று மலையில் இல்லை.