பிரிட்ஜ் மேலிருந்த திறப்பு

லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுப் பின்கதவைப் பூட்டும் திறப்பில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். கதவருகே ஆணியில் தொங்கிய அதை, சின்னம்மா வந்த பிறகு சமையலறைப் பிரிட்ஜுக்கு மேலே, அரிசித் தகரப் பேணிக்குப் பின்னால் வைக்கத் தொடங்கினோம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தத் திறப்பின் குளிர் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. சித்தப்பாவோடு இனி வாழ ஏலாது என்று டொரொண்டோவிலிருந்து இரண்டு சூட்கேஸோடும் ஒரு பூனையோடும் வந்து சேர்ந்தார். சாம்பல் நிறப் பூனை, பெயர் குஞ்சு. முன்னங்கால் இரண்டிலும் நகமே கிடையாது. சித்தப்பாவின் தோல் சோபாவைப் பிறாண்டியதற்காக எடுத்துவிட்டார்கள். மிருக ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்தது சின்னம்மாதான். கொஞ்சம் பெரிய அளவில் நகம் வெட்டுவது என்று நினைத்திருக்கிறார். விரல் நுனியை எலும்போடு எடுத்திருக்கிறார்கள் என்று லண்டனில் பார்த்த மிருக வைத்தியர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை என்றும் அந்த வைத்தியர் சொன்னார். சின்னம்மா தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

வந்த அன்றே குஞ்சு சமையலறை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது. பதினான்காம் மாடியில் வளர்ந்த பூனை அது, புல்லைக்கூடக் கண்டதில்லை. மூன்று நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. கடையில் வாங்கிய பூனை மணலில் கால் வைக்காமல், அப்பாவின் மடித்த ஷர்ட்டுகளின் மேல் போய் மூத்திரம் பெய்தது. மணல் அந்தக் கால்களில் குத்தும், பேப்பரைக் கிழித்துப் போடுங்கள் என்றார் வைத்தியர். அம்மாவுக்கு அது பெரிய சங்கடம். எழுத்துள்ள தாளைக் காலில் மிதிபட விடலாமா? கடைசியில் தமிழ்ப் பேப்பரை ஒருவரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, அப்பா ரயிலில் எடுத்துவரும் இலவச ஆங்கிலப் பேப்பரைக் கிழித்தார். "சரஸ்வதிக்கு இங்கிலிஷ் தெரியாதோ?" என்று அப்பா கேட்டார். அந்த மாதத்தில் சின்னம்மா சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

எனக்கு அந்தப் பூனையைக் கண்டாலே நடுக்கம். மற்றப் பூனைகள் சீறும், கையை ஓங்கும், பிறகுதான் எதுவும் செய்யும். குஞ்சு எடுத்த எடுப்பில் கடித்துவிடும். அதனிடம் மிச்சம் இருந்தது பல் மட்டும்தானே. முதல் வாரத்திலேயே என் பெருவிரலில் இரண்டு ஓட்டை. ஆளில்லை என்று நினைத்தால் வெளியே வந்து, கதவு நிலையில் முன்னங்கால்களை ஊன்றி இழுஇழு என்று இழுக்கும். ஒரு கீறலும் விழாது. சின்னம்மா அதைப் பார்க்கமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன் அடித்தால் சித்தப்பாவோ என்று அவரும் மாடிக்கு ஓடிவிடுவார். "பின்கதவைத் திறந்துபோடாதை பிள்ளை. வெளியில போனால் அதுக்கு ஏறவும் ஏலாது, அடிக்கவும் ஏலாது" என்று தினமும் சொல்வார். நானும் தினமும் "ஓம் சின்னம்மா" என்பேன்.

ஆனால் லண்டன் தமிழ் வீடுகளில் இன்னொரு சட்டம் உண்டு. அடுப்பில் எண்ணெய் வைக்குமுன் முன்நடைக்குப் போகும் கதவைச் சாத்தவேண்டும், பின்கதவைத் திறக்கவேண்டும். இல்லாவிட்டால் முன்நடையில் தொங்கும் கோட்டுகளிலெல்லாம் சமையல் மணம் ஏறிவிடும். அந்த நாட்களில்தான் ஒருமுறை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போயிருந்தாள். பூனைக்குப் பயந்ததைவிட அதற்கு நான் அதிகம் பயந்தேன். ஒரு சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு மோர்மிளகாய் பொரிக்க எண்ணெய் வைத்தேன். அம்மாவும் அப்பாவும் வேலையில். சின்னம்மா மாடியில். திறப்பை எடுத்தேன். ஒரு நிமிடம்தானே என்று நினைத்தேன்.

மிளகாய் எண்ணெயில் விழுந்து சீறியதும், என் காலை உரசிக்கொண்டு குஞ்சு வெளியே பாய்ந்தது.

பக்கத்து வீட்டு மஞ்சள் கடுவன் பூனை வேலிமேல் இருந்தது. குஞ்சு ஈரப் புல்லில் ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறிக்கொண்டு நின்றது. கடுவன் குதித்தது. குஞ்சு வேலிப் பலகையில் பாய்ந்து ஏறப் பார்த்தது, வழுக்கி விழுந்தது. மறுபடி பாய்ந்தது, மறுபடி விழுந்தது. பிறாண்டுகிற சத்தமே இல்லை. மெத்து மெத்தென்று பலகையில் பட்டு வழுகும் சத்தம் மட்டும்தான். நான் வாசற்படியிலேயே நின்றேன். எத்தனை முறை விழுந்தது என்று தெரியாது. மாடியிலிருந்து இறங்கிவந்த சின்னம்மா வெறுங்காலோடு என்னைத் தாண்டி ஓடினார். கடுவனைத் துரத்திவிட்டுக் குஞ்சைத் தூக்கினார். அது அவர் மணிக்கட்டைக் கவ்வியது. அவர் விடவில்லை. இரத்தம் ஸ்வெட்டர் கையில் இறங்க இறங்க, அணைத்தபடியே உள்ளே கொண்டுவந்தார். குஞ்சின் ஒரு காது கிழிந்திருந்தது. உயிர் இருந்தது.

"ஆர் கதவைத் திறந்தது?" என்று அம்மா வந்ததும் கேட்டார்.

"நான்தான் அக்கா. குப்பை போடப் போனனான், பூட்ட மறந்துபோனன்" என்றார் சின்னம்மா. அம்மா அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பல வருடங்கள் கழித்து, குஞ்சு வயது போய்ச் செத்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சின்னம்மாவிடம் கேட்டேன். மணிக்கட்டில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டார்.

"நீ நடுங்கிக்கொண்டு நிண்டனி. நானும் பயத்திலதானே அண்டைக்கு அந்த ஆஸ்பத்திரியில கையெழுத்து வைச்சனான்" என்றார்.

இப்போது எனக்கு லண்டனின் மறுபக்கத்தில், குட்மேய்ஸில் சொந்த வீடு. எண்ணெய் வைத்தால் மகள் மேலேயிருந்து, கோட்டு மணக்கப் போகிறது, கதவைத் திற என்று ஆங்கிலத்தில் கத்துவாள். திறப்பு ஆணியில்தான் தொங்குகிறது. கையில் எடுத்ததும் ஒருமுறை குனிந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பார்க்கிறேன். பிறகுதான் திறக்கிறேன். இந்த வீட்டில் நாங்கள் பூனை வளர்த்ததே இல்லை.