மச்சான் வார்த்த எஞ்சின்

ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பாராமல் வால்பாறை மலை ஏறியவன் நான்தான். பார்க்க வேண்டுமென்று புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததே போதுமென்று விட்டுவிட்டேன். எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய கார். பாதி மலையில் புகை கக்கி நின்றது. லாரியில் கட்டி இழுத்துக் கோயமுத்தூர் கொண்டுவந்தோம்.

ஒர்க்‌ஷாப் மேஸ்திரி எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் கெட்ட சேதியை யாரும் ஒரேயடியாகச் சொல்வதில்லை.

"எஞ்சின் பிளாக்கு, அந்த வார்ப்பு இரும்பு, கொஞ்சம் வெடிச்சிருக்குதுங்க."

"கொஞ்சம்னா?"

"விரல் நுழையுதுங்க."

ஒட்டுப் போட்டால் சிங்காநல்லூர் தாண்டாது, மெட்ராஸில் இதே ரகத்தில் ஓடின எஞ்சின் ஒன்று கிடைக்கும், மாற்றிவிடலாம் என்றார். தை மாதம் உடுமலைப்பேட்டையில் என் மனைவியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். காரில்தான் வந்து இறங்குவோம் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். சரி என்று சொல்ல நான் வாயெடுத்தபோது மச்சான் வந்து சேர்ந்தார்.

மனைவியின் அண்ணன். பீளமேட்டில் பம்புசெட் வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பவுண்டரி வைத்திருந்த எவருக்கும், உலகத்தில் இரும்பாலான எதையும் தன்னால் வார்த்துவிட முடியும் என்ற நம்பிக்கை இருந்தது. பல சமயம் முடிந்தும் தொலைத்தது. அதனால் மறுத்துப் பேச வழியில்லை.

"ஏனுங் மாப்ள, ஊரான் கழிச்சுப்போட்டதையா வாங்குவீங்க? நான் எதுக்கு இருக்கறன்? அச்செடுத்துப் புதுசா வார்த்துப்போடலாம்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேண்டாமென்றால் வீட்டில் சோறு கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

முதல் வார்ப்பு பம்புசெட்டுப் பச்சை அடித்து, பார்க்க லட்சணமாக வந்தது. தண்ணீர் ஊற்றினால் நாலு பக்கமும் வேர்த்தது. இரண்டாவதில் போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை. மச்சான் குனிந்து, வெகுநேரம் அளந்து பார்த்தார்.

"வார்ப்புல தப்பில்லீங்க மாப்ள. காரு கோணலா இருக்குது."

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் மெட்ராஸ் எஞ்சினை ரகசியமாக வரவழைத்தேன். மேஸ்திரி அதை மாட்டிவிட்டு, ஓட்டைகளைச் சரிசெய்து மச்சான் வார்ப்பையே மாட்டிவிட்டதாக அவருக்குச் சொல்லியனுப்பினார். நான் அதன்மேல் அதே பம்புசெட்டுப் பச்சை அடித்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி என் கையைப் பார்த்தாள்.

"மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சுக்குங்க. அண்ணன் வர்ற நேரம்."

அண்ணன் வந்தார். பானெட்டுக்குள் காதை வைத்துக் கேட்டார். "நம்ம வார்ப்பு. சத்தத்துலயே தெரியுதுல்ல?"

தெரிகிறது என்றேன்.

கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது, காங்கேயத்து எண்ணெய் மில்காரர் ஒருவரை மச்சான் இழுத்துக்கொண்டு வந்தார். அவர் கார் எஞ்சினும் வெடித்துவிட்டதாம். "நான் சொன்னா நம்பமாட்டீங்க. மாப்ளையவே கேளுங்க."

மில்காரர் என்னைப் பார்த்தார். தூரத்திலிருந்து என் மனைவியும் பார்த்தாள்.

"நல்லா ஓடுதுங்க," என்றேன். பொய்யில்லை. பிறகு அவர் தோளைப் பிடித்துச் சற்றே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். "வார்க்கறது மச்சானே வார்க்கட்டுங்க. மாட்டறதை மட்டும் எங்க மேஸ்திரிகிட்டக் குடுங்க. மச்சான் வார்ப்பு வேற யாரு கைக்கும் படியாதுங்க."