டார்ச் மூடியில் சந்தனம்

டிரிக்கரை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் அழுத்தினேன். இரும்புத் தகடு வெட்டுகிற பிளாஸ்மா கட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. காற்று குறைந்தாலும் அதே விளக்கு, கரண்ட் குறைந்தாலும் அதே விளக்கு. எது என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. எனக்கு இருந்தது. வாயில் வந்தபடி வைதேன்.

பசுவந்தனையிலிருந்து வந்திருந்த சம்சாரி பட்டறை வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விதைப்புக் கலப்பையில் கொழுவைத் தாங்கும் பட்டை முறிந்துவிட்டது. கனத்த தகட்டில் வளைவாக ஒரு துண்டு வெட்டி வெல்டிங் வைத்தால் அரை மணி நேர வேலை. கரிசலில் மழைக்கு முன்பே புழுதியில் விதையைப் போட்டுவிட வேண்டும். மழை முந்திக்கொண்டால் மண் டிராக்டர் சக்கரத்தை விடாது.

"மேகம் கூடுது அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள்ள காட்டுல எறக்கிரலாம்லா?"

"இந்தா, முடிஞ்சிரும்" என்றேன். அப்போது மணி பதினொன்று.

கம்ப்ரசரைப் பார்த்தேன், காற்று நிறைய இருந்தது. எர்த் கிளாம்பைக் கழற்றி, தகட்டைத் தேய்த்து மாட்டினேன். கையில் பிடித்து வெட்டுகிற டார்ச்சின் நாசிலைக் காலையில்தான் மாற்றியிருந்தேன், அதனால் அதைத் தொடவில்லை. சிவப்பு விளக்கு அசையவில்லை. எரிச்சலில் ஸ்பானரை விட்டெறிந்தேன். இந்த மிஷின் வாங்குவதற்காகப் பழைய கேஸ் கட்டரை விற்றவன் நான்.

தூத்துக்குடியில் இருக்கிற மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"டார்ச் மூடி நல்லா உக்காந்திருக்கா அண்ணாச்சி?"

"மூடி மாட்டத் தெரியாமயா இத்தன வருசமா பட்டறை வச்சிருக்கேன்? வேற எதாச்சும் இருந்தா சொல்லும்" என்று கத்திவிட்டு வைத்தேன்.

பிறகு கரண்ட்டைச் சந்தேகப்பட்டேன். வயரை மாற்றினேன். பக்கத்துக் கடையிலிருந்து லைன் இழுத்தேன். மணி இரண்டாகிவிட்டது. சோறு இறங்கவில்லை. சம்சாரியும் சாப்பிடப் போகவில்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல் மூடியைக் கழற்றினேன். திருகு மரையில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம். நாலு நாள் முன்பு ஆயுத பூஜை. ஸ்பானர் முதல் கம்ப்ரசர் வரை பொட்டு வைத்தவன், புது மிஷின் என்று டார்ச்சுக்கு மட்டும் தாராளமாக, சுற்றிலும் அப்பியிருக்கிறேன். காலையில் நாசில் மாற்றியபோது காய்ந்த கட்டி மரைக்குள் விழுந்திருக்கிறது. மூடி இறுகியது போலத்தான் இருந்தது. ஆனால் கடைசி அரைச் சுற்று இறங்கவில்லை. மூடி முழுதாக உட்காராவிட்டால் பற்ற விடாத மிஷின் அது. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது.

துடைத்து மாட்டி அழுத்தினேன். சீறிக்கொண்டு பற்றியது. துண்டை வெட்டி வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கும்போதே தகரக் கூரையில் மழை விழுந்தது. தூறல் இல்லை, நின்று அடிக்கிற மழை.

சம்சாரி தெருவில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார். "இனி எட்டு நாளைக்குக் காட்டுல கால் வைக்க முடியாது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மிஷினு மக்கர் பண்ணுனா நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "இப்ப வார மிஷினெல்லாம் இப்பிடித்தான்."