வீட்டுக்காரன் இல்லாத விருந்து

"ஹாலந்துலேருந்து ரூலோஃப் வர்றார். கோட்டையைக் காட்டு, நல்லா சாப்பிட வை, ஓட்டல்ல கொண்டுபோய் விடு. அவ்வளவுதான் வேலை," என்றார் முதலாளி ஸ்வெதோசார்.

"இன்னிக்கு எங்க வீட்டு ஸ்லாவாங்க," என்றான் ரதிசாவ். குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு வருடத்துக்கு ஒருமுறை வீட்டில் எடுக்கும் திருநாள் அது.

"தெரியும்டா. புனித நிக்கோலாஸ் நாள்ல பெல்கிரேடுல பாதி வீட்ல ஸ்லாவா, மீதிப் பாதி அங்க சாப்பிடப் போகுது. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். ஆனா அந்த ஆளை உன் வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிடாத. விரத நாளு, கறி கிடையாது, மீனும் பீன்ஸும் வைப்பீங்க. அவர் கறி திங்கிற ஆளு. அடுத்த வருஷத்து ராஸ்பெர்ரி முழுக்க வாங்கறது அவர் கையிலதான் இருக்கு."

பழ ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டார் யார் வந்தாலும் ரதிசாவின் தலையில்தான் விழும். இங்கிலீஷ் கற்ற பாவம். மற்ற வருடமென்றால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பான். இந்த வருடம் வசந்தத்தில் அப்பா இறந்துபோனார். குடும்பப் புனிதரின் ரொட்டியை, விருந்தாளிகளோடு சேர்ந்து கையில் பிடித்துச் சுற்றி, ஒயின் ஊற்றி வெட்ட வேண்டியவன் இனி அவன். முதல் தடவை. மனைவி தேசாங்கா மாவு பிசைந்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ரூலோஃப் தங்கமான மனிதர். அதுதான் வினை. சாவா நதி டான்யூபில் கலக்கும் இடத்தைக் கோட்டைச் சுவரிலிருந்து பார்த்தவர் நகரவே இல்லை. பாலத்தில் விளக்கு போடும்வரை நிற்கலாமே என்றார். நின்றார்கள். பிறகு பெரிய தேவாலயம். பிறகு மறுபடி ஆற்றங்கரை.

"இன்னிக்கு ஊரே வீட்ல உக்காந்து சாப்பிடற நாளுங்க," என்று ரதிசாவ் ஜாடையாகச் சொன்னான்.

"அப்படியா? அப்ப ஓட்டல்ல கூட்டமே இருக்காது!" என்று அவர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

வாயைத் திறந்து சொல்லித் தொலைப்பதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். விருந்தாளியைப் பார்த்து நேரமாகிவிட்டது என்று சொல்லும் நாக்கு எங்கள் ஊரில் யாருக்கும் முளைக்கவில்லை.

ஸ்கதார்லியாத் தெருவில் உணவுக்கடை காலியாகக் கிடந்தது. வேறு ஆள் கிடைக்காத வாத்தியக்காரர்கள் நான்கு பேரும் இவர்கள் மேஜையையே சூழ்ந்துகொண்டார்கள். ரூலோஃப் சுட்ட கறியை ரசித்து ரசித்துத் தின்றார். ரதிசாவ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

தேசாங்கா போனில் கூப்பிட்டாள். "எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு. மெழுகுவத்தி பாதி எரிஞ்சிடுச்சு. ரொட்டி வெட்டாம யாரும் கை நனைக்க மாட்டேங்கறாங்க."

"கொஞ்சம் பொறு. இதோ கிளம்பிட்டேன்."

"இதையேதான் அப்பவும் சொன்னீங்க."

"இன்னொரு பாட்டு!" என்றார் ரூலோஃப். பிடில்காரன் சிரித்தபடி வில்லை உயர்த்தினான். விருந்தாளியின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது ரதிசாவுக்கு. தலையை மட்டும் ஆட்டித் தாளம் போட்டான்.

ஒருவழியாக அவரை ஓட்டலில் விட்டுவிட்டு, நோவி பெல்கிரேடில் தன் வீடிருக்கும் ஐந்தாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறினான். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. கதவைத் திறந்த தேசாங்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே சிரிப்பும் புகையுமாக இருந்தது. ரொட்டி துண்டு துண்டாகக் கிடந்தது. மேஜையின் தலைப்பக்கத்தில், அப்பாவின் நாற்காலியில், முகமெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார் ஸ்வெதோசார். அப்பா காலத்திலிருந்தே வருடம் தவறாமல் வருகிறவர்தான். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் தாமாகவே வருவார்கள்.

"வாடா ரதிசாவ்! வீட்டுக்காரனையே காணோமேன்னு பார்த்துக்கிட்டிருந்தோம். பெரியவங்க எல்லாம் பசியோட இருந்தாங்க. சரின்னு நானே சுத்தி வெட்டிட்டேன். தப்பா நினைச்சுக்காத. நிக்கறியே, உக்காரு, உன் வீடு மாதிரி நினைச்சுக்க!" அறையே வெடித்துச் சிரித்தது.

ரதிசாவ் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பான், அலுவலகமாக இருந்தால்கூட. ஆனால் ஸ்லாவா அன்று வீட்டு வாசலைத் தாண்டி வந்தவனிடம் முகம் சுளிக்கக் கூடாது. அன்று வீட்டுக்காரன் உட்காரவும் மாட்டான். நின்று பரிமாறுவான். அது ஒன்றுதான் அவனுக்கு மிச்சமிருந்தது.

"ரூலோஃப் நல்லா சாப்பிட்டாரா?" என்றார் முதலாளி.

"சாப்பிட்டாருங்க," என்றான். குப்பியை எடுத்து அவருடைய கோப்பையை நிரப்பினான். விளிம்பு தாண்டி மேஜைத்துணியில் கொஞ்சம் சிந்தியது.

"இன்னும் ரெண்டு துண்டு மீன் வைக்கட்டுங்களா?"