மஞ்சளாகப் பொங்கிய தண்ணீர்

எங்கள் தெருவில் முதன்முதலாகக் கக்கூஸ் கட்டியவர் என் அப்பா. மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எண்பதுகளின் நடுவில் அங்கே எல்லோரும் விடிவதற்குள் ஏரிக்கரைக்குப் போய்வந்துவிடுவார்கள். அப்பா மட்டும், புதுச்சேரியில் யார் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்து, வீட்டின் பின்னால் குழி தோண்டி, பீங்கான் பதித்து, தகரக் கதவும் போட்டார். விருந்தாளிகள் வந்தால் காபிக்கு முன்பே அதைக் காட்டுவார். அவருடைய இன்னொரு பெருமை, அதையொட்டி இருந்த கிணறு. இளநீர் மாதிரி தண்ணீர் என்று டீக்கடைக்காரரே வந்து இறைத்துக்கொண்டு போவார். இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது வசதி என்றுதான் நினைத்தோம்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு, தவழ்ந்துகொண்டிருந்த என் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், நின்றது. வீடு திரும்பிய வாரமே மறுபடி தொடங்கியது, மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை அவன் அழக்கூட இல்லை. அதுதான் அம்மாவைப் பயமுறுத்தியது. பல் முளைக்கிற பேதி என்றார்கள், கண்ணேறு என்றார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்தே விழுப்புரத்தில் இருந்த தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள். அந்த மாமனுக்குத் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை.

மாமன் ஐஸ்கட்டி நிரப்பிய பெட்டியோடு ஊருக்கு வந்தார். எங்கள் கிணற்றில் ஒரு புட்டி பிடித்தார். அப்புறம் ஊரைவிட்டு ஒதுங்கியிருந்த காலனிக்குப் போய், அங்கிருந்த அடிபம்பில் ஒரு புட்டி பிடித்தார்.

"அந்தத் தண்ணி எதுக்கு மச்சான்?" என்றார் அப்பா.

"ஒத்துப் பாக்கத்தான் மாமா."

வீட்டில் அம்மா இல்லாததால் என்னையும் விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் பெட்டியை என் மடியில் வைத்து, "கெட்டியா புடிச்சிக்கினு வா" என்றார். இறங்குவதற்குள் தொடை மரத்துப்போயிற்று.

ஆய்வுக்கூடத்தில், ஊதா நிற மருந்து இருந்த கண்ணாடிக் குழாய்களில் அந்தத் தண்ணீரை விட்டு, வெதுவெதுப்பான ஒரு பெட்டிக்குள் வைத்தார். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், எங்கள் கிணற்று வரிசை முழுக்க மஞ்சளாகிவிட்டிருந்தது. குட்டிக் குழாய்களில் கோலி சோடா மாதிரி காற்று சேர்ந்து நின்றது. காலனித் தண்ணீர் ஊற்றியபடியே ஊதாவாக இருந்தது. நான் கைதட்டினேன். மாமன் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சூடா வெச்சி ஒரு தரம் பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

என்னை அழைத்துப்போக அப்பா வந்தார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி மாமன் சொல்லிவிட்டு வேலைக்குப் போனதாக அவர் மனைவி, என் அத்தை, சொன்னதற்குத் தலையாட்டினார். பஸ் ஏறியதும் நான் சொன்னேன்: "நம்ம தண்ணிதாம்பா பொங்கிச்சு. காலனித் தண்ணி சும்மா கெடந்துச்சு."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "பின்ன? சத்து இருந்தாதான பொங்கும்!"

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் டீக்கடையில் அதைச் சொன்னார். விழுப்புரம் வரை போய் ஜெயித்துவிட்டு வந்த தண்ணீர் என்று பேராகி, புதிதாகச் சிலர் குடத்தோடு வந்தார்கள்.

இன்னொரு தரமும் சோதித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாமன் வந்தார். அதற்குள் தம்பியோடு அம்மாவும் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமன் கிணற்றையும் தகரக் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தண்ணியில பூச்சி இருக்குது மாமா" என்றார்.

"பேதிப் பூச்சியா?"

"அது இல்ல. இது மனுசன் வயித்துல சும்மா குந்திக்கினு இருக்கிற பூச்சி. அதால பெருசா ஒண்ணும் ஆவாது. ஆனா அதுக்குக் கெணத்துல என்னா வேலை? அது வந்த வழியில பேதிப் பூச்சியும் வருமில்ல?"

அப்பாவுக்கு மெல்லத்தான் புரிந்தது. "என் வூட்டுத் தண்ணியில பீ கலந்திருக்குதுன்றியா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாப்பாட்டுக்கும் வரவில்லை.

பிற்பாடு அவர் அந்தக் குழியை மூடிவிட்டு, தோட்டத்துக் கடைசியில் வேறு குழி தோண்டினார். கிணற்றை இறைத்து மருந்து போட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு வாஸ்து என்றார். தம்பியும் தேறிவிட்டான். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அம்மா தம்பியை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு காலனிப் பக்கம் நடந்தாள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி அங்கே தண்ணீருக்குப் போய் நான் பார்த்ததில்லை. பம்பைச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் நிலத்தில் மல்லாட்டை பிடுங்க வரும் அக்கா ஒருத்தி தன் குடத்தை நகர்த்திவிட்டு, அம்மாவின் குடத்தை வாங்கி வைத்து, தானே அடித்து நிரப்பினாள். "புள்ள எளச்சிப் போயிட்டானே" என்று தம்பியின் காலைத் தடவினாள். குடத்தை அம்மாவின் இடுப்பில் ஏற்றும்போது, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நாங்க உங்க கெணத்தாண்ட வந்தா இப்டி எடம் வுடுவீங்களாம்மா?"

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

'வுடுவோம்' என்று சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே, அதற்கு என்ன கஷ்டம் என்று வழியெல்லாம் நான் நச்சரித்துக்கொண்டே வந்தேன். அம்மா குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.