அத்தை காருக்கு டர்போ வைத்த கோடை

அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் அப்பாவும் அவருடைய தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. திண்டிவனத்தில் அப்பா பேசி முடித்த மாப்பிள்ளையை, பத்திரிகை அடிக்கப் போகும் நேரத்தில் அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் ஒர்க்‌ஷாப் பக்கமே போகக் கூடாது என்று அந்த மாப்பிள்ளை போனில் சொன்னாராம். அன்றோடு அப்பா வாயை மூடிக்கொண்டார். ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்க அத்தைய சாப்பிடச் சொல்லு" என்பார் என்னிடம். நான் திரும்பி, "அத்தை, உன்ன சாப்பிடச் சொன்னாரு" என்பேன். நான் சொல்லி முடிக்கும்வரை அத்தையும் காதில் விழாதவள் போலவே இருப்பாள். எனக்கு அது பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது.

அத்தை டிப்ளமோ முடித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தாள். அவளிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. நாங்கள் எல்லாரும் ஏறினால் மேம்பாலத்தில் ஏற முடியாமல் இளைக்கும். வீட்டில் பேச ஆள் குறைந்துபோன அந்த நாட்களில், எங்கோ அடிபட்டு உடைந்த டீசல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவை வாங்கிவந்து அந்தக் காருக்கு வைக்க ஆரம்பித்தாள். பெரிய நத்தை ஓடு மாதிரி இருந்தது அது. வாசல் வேப்பமரத்தடியில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்ஜின் புகையை அதற்குள் திருப்பிவிட வெல்டிங் கடையில் வளைத்து வாங்கிய குழாய்களை ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்த்தாள்.

"பொகைய திருப்பி இன்ஜின் உள்ளயே வுட்டா அதுக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள் அம்மா.

"பொகை உள்ள போவாது அண்ணி. வெளிய போற வேகத்துல ஒரு சக்கரத்த சுத்திட்டுப் போய்டும். அது கூடவே சுத்துற இன்னொரு சக்கரம் நல்ல காத்த உள்ள தள்ளும். காத்து நெறய, பெட்ரோலும் நெறய, இழுவையும் நெறய. அவ்ளோதான்."

அன்று மத்தியானம் முழுவதும் நான் படுத்துக்கொண்டு, விடுகிற மூச்சாலேயே அடுத்த மூச்சை இழுக்க முயன்றேன். தலை சுற்றித் தூங்கிப்போனேன். தூக்கத்தில் வீடே மெதுவாக ஊதிப் பெருத்து, வேப்பமரத்துக்கு மேல் மிதந்துகொண்டிருந்தது.

திண்டிவனத்தில் ஒரு காதுகுத்து வந்தது. முகூர்த்த நாள். வந்த பஸ்ஸெல்லாம் படிவரை ஆள். அத்தையின் காரில் வரமாட்டேன் என்று அப்பா ஸ்டாப்பிலேயே பிடிவாதமாக நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அத்தை ஸ்டாப்புக்கே காரைக் கொண்டுவர, அம்மா கதவைத் திறந்து அப்பாவை ஏறக்குறையத் தள்ளிவிட்டாள். அப்பாவும் அம்மாவும் பின்னால், நான் முன்னால்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மீட்டர் இருந்தது. அதன் கண்ணாடியில் அம்மாவின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அத்தை ஒட்டியிருந்தாள். "டர்போ தள்ற காத்து இது. ஊசி பொட்டத் தாண்டுச்சுன்னா இன்ஜின் தாங்காது" என்றாள். பொட்டுக்கு நன்றாகக் கீழேயே ஊசியை வைத்து ஓட்டிவந்தாள்.

விக்கிரவாண்டி தாண்டியதும் சாலை வெறிச்சென்று நீண்டது. அத்தை லேசாக மிதித்தாள். எங்கிருந்தோ ஒரு விசில் கிளம்பியது. தூரத்தில் யாரோ புல்லாங்குழலை எடுத்து, பாட்டை மறந்துவிட்டு ஊதிக்கொண்டே இருப்பது போல. என் முதுகு சீட்டில் அமுங்கியது. மல்லாட்டைச் செடிக் கொல்லைகளும் தென்னைகளும் தண்ணீரில் தெரிவதுபோல் நெளிந்து பின்னால் வழிந்தன. லாரிகள் நின்றுகொண்டிருந்தன, அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

"இன்னும் கொஞ்சம் போவுமா?"

அப்பாவின் குரல். வழக்கம்போல நான் அத்தை பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

"போவும்ணா" என்றாள் அத்தை.

"அப்போ அழுத்து, பாப்போம்."

அத்தை மீட்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு அழுத்தினாள். விசில் கூர்மையானது. அப்பா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏ அப்பா! இன்னா போக்கு போவுது!" என்று சின்னப் பையன் மாதிரி சிரித்தார். ஊசி பொட்டைத் தொட்டது. தாண்டியது. நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவள் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டேரிப்பட்டுக்கு அப்பால் பானெட்டுக்குள் ஏதோ உடையும் சத்தம். வெள்ளை ஆவி பொங்கி கண்ணாடியை மூடியது. கார் உருண்டு ஓரமாகப் போய் நின்றது.

அப்பா முதலில் இறங்கினார். "இன்னா ஆச்சு?" என்றார், நேராக அத்தையைப் பார்த்து.

"பிஸ்டன் போயிருக்கும்ணா. இனிமே இந்த இன்ஜின் ஆவாது."

"நான்தானே அழுத்தச் சொன்னேன்" என்றார் அப்பா. பிறகு, "எட்ட நில்லு, ஆவி மூஞ்சில அடிக்கப் போவுது" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். கோடை முழுக்கப் பாடுபட்ட கார் செத்துக் கிடக்கிறது, இவள் சிரிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான்தான் அழுதேன். அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, "சும்மா இரு" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காதுகுத்துக்கு நாங்கள் போகவே இல்லை.

அத்தை அன்றைக்கு மீட்டரைக் கவனிக்கவில்லை என்றுதான் வெகுகாலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.