ஒசெல்லா ஒருநாளும் ஆடவில்லை

ஒசெல்லாவை அடக்கம் செய்த அன்று எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டி வாசிக்கச் சொன்னேன். பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற வருடம், நண்டு உடைக்கும் கொட்டகையில் முப்பத்தெட்டு வருட வேலை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "முதியோர் இல்லத்தின் நடன வகுப்பை மிகவும் நேசித்தார்."

அந்த வரி பொய். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனாலும் பொய். அந்தத் தாள் இருநூறு வீட்டுக்குப் போய்விட்டது, இனித் திருப்பி வாங்க முடியாது. அதனால் நடந்ததைச் சொல்லி எழுதவைக்கிறேன். ஒசெல்லா ஒருநாளும் ஆடவில்லை. ஆடிவிட்டேன் என்று அவளே ஒப்புக்கொண்டது ஒரே ஒரு முறை. அந்தக் குற்றமும் என்னுடையது.

அவள் சபைக்காரர்களுக்குப் பாட்டு உண்டு, கைதட்டு உண்டு, பாடிக்கொண்டே வட்டமாக நகர்கிற துதி வட்டம் உண்டு. ஆட்டம் மட்டும் கிடையாது. வட்டத்தில் போகும்போது பாதம் தரையை விட்டு எழும்பக் கூடாது, ஒரு கால் இன்னொரு காலைக் குறுக்கே தாண்டக் கூடாது. தாண்டினால் அது ஆட்டம். அவ்வளவுதான் சட்டம். பன்னிரண்டு வயதில், கடல் வற்றுகிற நேரம் பார்த்து உப்பங்கழியில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுத்துக் கரையேற்றியபோது அவள் கொடுத்த வாக்கு அது. எழுபத்தைந்து வருடம் காப்பாற்றினாள். கொட்டகையில் ஒன்பது மணிநேரம் நின்று நண்டு உடைப்போம். கால் மரத்துப்போய் நாங்கள் எல்லாம் காலை மாற்றி மாற்றிக் குறுக்கே வைத்து நிற்போம். அவள் மட்டும் இரண்டு காலையும் அருகருகே ஊன்றி, நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்பாள்.

நான் வேறு சபை. சனிக்கிழமை மீன் பொரிக்கிற கடையில் செருப்பு தேய ஆடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நின்று பாடியவள். அதை வைத்தே ஒசெல்லா என்னை நாற்பது வருடம் குத்திக்காட்டினாள். ஆனால் என் புருஷன் செத்தபோது ஒரு மாதம் எனக்குத் துணையாக என் வீட்டிலேயே படுத்துக்கிடந்தவளும் அவள்தான்.

அவள் புருஷன் சீபஸ் சபையில் துடைப்பக் கட்டையால் பலகைத் தரையை இடிப்பான். அந்த இடிக்குத்தான் வட்டம் நகரும். அவன் போய் ஒன்பது வருடம். சபைக்குப் பின்னால் ஓக் மரத்தடியில் புதைத்திருக்கிறார்கள். அவன் பக்கத்தில் தனக்கு ஓர் இடம் வைத்திருந்தாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அங்கே போய்ச் சருகைப் பொறுக்கிவிட்டுத்தான் இல்லத்து வேனில் ஏறுவாள்.

இல்லத்தில் எனக்கும் அவளுக்கும் எதிரெதிர் அறை. போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, தைரியம் கூடவில்லை. நாற்காலியைப் பிடித்தால் விடமாட்டாள். எங்கள் இல்லத்தில் ஒரு விதி. தானாக எழுந்து, ஒன்றையும் பிடிக்காமல் சாப்பாட்டு அறைவரை நடக்க முடியாதவர்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள். சவானா பட்டணத்துப் பக்கம் படுத்த படுக்கையானவர்கள் இருக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அறுபது மைல். அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை யார் வேன் விடுவார்கள்? மே மாதம் வந்து பார்க்கிறேன் என்று, நடையைச் சோதிக்க வருகிற நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமைதோறும் மேரன் டீச்சர் வருவாள். நல்ல பெண். கலர் துணிகளை எங்கள் கையில் கொடுத்து, பாட்டைப் போட்டு, உட்கார்ந்தபடியே ஆடவைப்பாள், முடிந்தவர்களை நிற்கவைப்பாள். கம்பு ஊன்றி நடந்த மூன்று பேர் கம்பை மூலையில் சாத்திவிட்டார்கள். கண்ணால் பார்த்தேன்.

"அக்கா, காலை அசைக்காம கிடந்தா இடுப்பு கட்டையாயிடும். அப்புறம் சவானாதான்," என்றேன்.

"கட்டையானாலும் என் கட்டை. நீ போய் உன் துணிய ஆட்டு."

"துணிதானே. அதுல என்ன பாவம் வந்து ஒட்டிக்கிடக்கு?"

"சாத்தான் முதல்ல துணியத்தான் குடுப்பான் ஹேகர். பாட்டு அப்புறம்தான் போடுவான்."

நான் ஒன்றை நினைத்தால் விடுகிற ஆள் இல்லை. டீச்சரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன்: ஆட்டம் என்ற சொல்லே வாயில் வரக் கூடாது, பாட்டு வேண்டாம், இடுப்புக்குப் பயிற்சி என்று சொல். அவளும் நம்பிச் செய்தாள். ஒசெல்லா வந்தாள். வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளின் முதுகைப் பிடித்து நின்றாள். டீச்சர் சொன்னபடி இடது காலை வலது காலுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துப் பக்கவாட்டில் நகர்ந்தாள். ஆறு அடி எடுத்து வைத்தாள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் முகத்தை நிமிர்த்தி எதிர்ச்சுவரையே பார்த்தாள், காலைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

டீச்சருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கைதட்டி, "பாத்தீங்களாம்மா, எவ்வளவு அழகா ஆடுறீங்க," என்றாள்.

ஒசெல்லா குனிந்து பார்த்தாள். இடது கால் வலது காலுக்குக் குறுக்கே நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி, அது இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்," என்றேன்.

அந்த ஞாயிறு சபையில் நடந்ததை டீக்கன் ஆம்ப்ரோஸ் வந்து சொன்னார். அவள் சபைக்கு உதவிக்காரர், அவரும் எங்கள் இல்லம்தான், சக்கர நாற்காலி. ஒசெல்லா ஊன்றுகோலோடு எழுந்து, "என் கால் குறுக்கே போயிருச்சு, என்னைப் பின்னால உக்கார வைங்க," என்று எல்லார் முன்னாலும் சொன்னாளாம். தப்புச் செய்தவர்களைப் பின்வரிசையில் உட்காரவைப்பது அந்தச் சபையின் பழைய தண்டனை. அப்படி யாரும் கேட்டு முப்பது வருடம் இருக்கும். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்களாம். பாஸ்டர் இளவயதுக்காரர். "அம்மா, உடம்புக்காகப் பண்ணினதுதானே, முன்னாலயே உக்காருங்க," என்று கெஞ்சினாராம்.

"உங்க தாத்தா இந்த மேடையில இருந்தப்போ கெஞ்ச மாட்டாரு தம்பி. பெஞ்சக் கையால காட்டுவாரு, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு, தானாகவே போய்ப் பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். திருவிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அன்று பாஸ்டர் கூப்பிடும்வரை அங்கேதான்.

என்னோடு பேச்சை நிறுத்தினாள். வகுப்புப் பக்கம் தலைவைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை அறைக்கே கொண்டுவரச் சொன்னாள். எதிர் அறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்: அவள் நடை கட்டிலிலிருந்து சன்னல், சன்னலிலிருந்து கட்டில். அப்புறம் கட்டில் மட்டும். மே மாதம் வந்தது. வியாழக்கிழமை நர்ஸம்மா வருவதாகச் சொன்னார்கள்.

ஆம்ப்ரோஸிடம் போய், என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"நீ இதுவரைக்கும் செஞ்சது போதாதா?" என்றார். சக்கர நாற்காலியை என் பக்கம் திருப்பி, "எங்க வழக்கத்துல, மனசுல வருத்தத்தை வச்சுக்கிட்டு வட்டத்துல கால் வைக்கக் கூடாது. கட்டை இடிக்க ஆரம்பிச்சதும், யாரு யாருக்குத் தப்புப் பண்ணினாங்களோ அவங்க கைய நீட்டணும். நீட்டின கையப் பிடிக்காம விடக் கூடாது. எங்கம்மா காலத்துலேருந்து யாரும் விட்டதில்ல," என்றார்.

வியாழக்கிழமை காலை துடைப்பத்திலிருந்து கட்டையை உருவிக்கொண்டு அவள் அறை வாசலில் நின்றேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை.

"அக்கா, நான் உன்ன ஏமாத்துனேன். கூடத்துல கட்டை இடிக்கப்போறேன். மன்னிப்புக் கேக்கத்தான். இன்னிக்கு நர்ஸம்மா வர்ற நாள். அதுவும் எனக்குத் தெரியும், சொல்லிட்டேன்."

"துதி வட்டம் நர்ஸுக்குக் காட்டுற வித்தை இல்ல."

"அந்தம்மா இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும். நான் உன் கையக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கூடத்தில் நடுவில் உட்கார்ந்து இடிக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு மேரன் டீச்சர் பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஆம்ப்ரோஸ் பழைய பாட்டு ஒன்றைத் தாழ்ந்த குரலில் எடுத்தார். நான் இடித்தது அவர் குரலோடு சேரவில்லை, எனக்கே தெரிந்தது. கை வலித்தது. நிறுத்தவில்லை. நர்ஸம்மா வந்து தன் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னடி பண்ற, கோழிக்கூண்டுக்கு ஆணி அடிக்கிறியா?"

சுவரைப் பிடித்துப் பிடித்து அதுவரை வந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் விழுந்த மாதிரி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. பிறகு என் இடிக்கு நடுவில், இடி விழாத இடத்தில் கைதட்டினாள். அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு என் கட்டை நேரானது. ஆம்ப்ரோஸ் குரலை உயர்த்தினார்.

இடது கையால் இடித்துக்கொண்டே வலது கையை நீட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஒரு சுற்று முழுக்கப் போயிருக்கும். நாற்காலிக் கையை ஒருமுறை அழுத்தி எழுந்தாள். இரண்டடி வந்து என் கையைப் பிடித்தாள், இறுக்கமாக. பிடித்து, விட்டாள்.

விட்டபிறகு அவள் கையில் எதுவுமே இல்லை. கம்பு இல்லை, நாற்காலி இல்லை. அப்படியே திரும்பி, பாதத்தைத் தரையில் தேய்த்து முன்னால் தள்ளினாள். வலது கால், அதன் பக்கத்தில் இடது கால். பாதம் எழும்பவில்லை. கூடத்தை ஒருமுறை சுற்றி வந்தாள். இரண்டாம் முறையும் சுற்றினாள். டீச்சர் சுவரோரம் நின்று அழுதாள். யாரும் கைதட்டிப் பாராட்டவில்லை, அந்த மட்டும் எங்களுக்குப் புத்தி இருந்தது.

முடிந்ததும் நர்ஸம்மா, "சோதனையில காலைக் குறுக்கே வைக்கிற அடியும் இருக்கு, அதையும் வச்சுக் காட்டணும்மா," என்றார்.

"அது வரவே வராதும்மா. சவானாவுக்கு அனுப்பினாலும் வராது," என்றாள் ஒசெல்லா.

நர்ஸம்மா கொஞ்சநேரம் அவள் காலையே பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஒசெல்லா அவள் அறையிலேயே இருந்தாள். அது தெரியும்.

அந்த ஞாயிறு நானும் வேனில் ஏறி அவர்கள் சபைக்குப் போனேன். எழுந்து நின்று, ஏமாற்றினவள் நான், இவள்மேல் குற்றம் இல்லை என்று சொன்னேன். ஒசெல்லா முன்னால் போக மறுத்தாள். "சொன்னா சொன்னதுதான். திருவிருந்து வரட்டும்," என்றாள். அப்படியானால் நானும் இங்கேதான் என்று பின்பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு ஞாயிறு உட்கார்ந்தேன். "நகர்ந்து உக்காரு, உன் எலும்பு குத்துது," என்பாள். நான் நகரவில்லை.

திருவிருந்து ஞாயிறு பாஸ்டர் கீழே இறங்கி நின்று, கையை நீட்டி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஊன்றுகோலை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். நடுவழி நெடுக ஒன்றையும் பிடிக்காமல் நடந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். ஒரு காலுக்குப் பக்கத்தில் ஒரு கால்.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் இருந்தாள். தன் கட்டிலில் போனாள். இப்போது சீபஸுக்குப் பக்கத்தில் கிடக்கிறாள். சருகு பொறுக்க நான் போகிறேன்.